இரண்டாவது தோட்டா

ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாவிட்டால் ஆர்டிஸ் ஹாவ்லாண்டுக்குச் சாப்பாடு இறங்காது. பிட்டர் கிரீக் வட்டாரத்துக்கே தெரிந்த விஷயம் இது. மாடு செத்துப்போய்விட்டது என்று யாராவது போன் செய்தால் மற்ற கால்நடை மருத்துவர்கள் 'அடடா' என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். ஆர்டிஸ் கத்தியையும் ரப்பர் பூட்ஸையும் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறுவாள். உயிரோடு இருந்தபோது காப்பாற்றாததைச் செத்த பிறகு திறந்து பார்த்து என்ன ஆகப்போகிறது என்று பண்ணைக்காரர்கள் முணுமுணுப்பார்கள். ஆனால் அவள் வயிற்றைக் கிழித்து, கையை உள்ளே விட்டுத் துழாவி, 'இங்கே வந்து பாருங்க, கம்பித்துண்டு' என்று கூப்பிட்டால் அவர்கள்தான் முதலில் ஓடிவந்து எட்டிப் பார்ப்பார்கள்.

அவளுக்கு நாற்பத்துநான்கு வயது. மொன்டானாவின் அந்த மலையடிவாரத்தில் பதினெட்டு வருஷமாக மாட்டு வைத்தியம். இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு, ஊசி போடுவதற்காக இரும்புக் கூண்டில் நிறுத்தியிருந்த ஒரு கறுப்புப் பசு திடீரென்று பக்கவாட்டில் சாய்ந்தது. கம்பிக்கும் பசுவுக்கும் நடுவில் ஆர்டிஸின் வலது கை. மணிக்கட்டு எலும்புகள் பொடிப்பொடியாகிவிட்டன. பெரிய ஆஸ்பத்திரியில் எஃகுத் தகடு வைத்து எல்லாவற்றையும் ஒன்றாக இறுக்கிவிட்டார்கள். விரல்கள் ஐந்தும் பிழைத்தன. பேனா பிடிக்கலாம், கத்தி பிடிக்கலாம். மணிக்கட்டு மட்டும் மடங்காது, திரும்பாது. கை முழுசும் ஒரே கட்டையாகப் போய்விட்டது.

வேலைக்கு அது பெரிய இடைஞ்சலாக இல்லை. இடைஞ்சல் எங்கே என்பது போன நவம்பரில், எல்க் மான் வேட்டையில் தெரிந்தது.

அவளிடம் இருந்தது சாதாரண போல்ட் துப்பாக்கி. ஒரு தோட்டா சுட்டதும் பக்கத்திலிருக்கும் கைப்பிடியை மேலே திருப்பி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, மறுபடி கீழே மடக்கினால்தான் அடுத்த தோட்டா உள்ளே போகும். நல்ல கைக்கு ஒரு நொடி வேலை. அன்று காலை ஒரு பெரிய ஆண் எல்க், கிடா, மலை விளிம்பில் நின்றது. ஆர்டிஸ் சுட்டாள். கொஞ்சம் பின்னால் பட்டுவிட்டது. கிடா முதுகை வளைத்துக்கொண்டு முப்பது அடி நடந்து, மறுபடி நின்று திரும்பிப் பார்த்தது. இன்னொரு தோட்டாவுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. அவள் கை கைப்பிடியை எட்டியது, திருப்ப வரவில்லை. துப்பாக்கியை மடியில் போட்டு இடது கையால் திருப்பி, மறுபடி தோளில் வைப்பதற்குள் கிடா விளிம்பைத் தாண்டி மறைந்துவிட்டது.

அவளும் பக்கத்துப் பண்ணை எமில் பிரெக்கேயும் இரண்டு நாள் ரத்தத் தடத்தின் பின்னால் போனார்கள். இரண்டாம் நாள் மதியம் பனி கொட்டி எல்லாவற்றையும் மூடிவிட்டது. இப்படி நடந்தால் வேட்டைக்காரர்கள் வருத்தப்படுவார்கள், நாலு நாளில் மறந்துவிடுவார்கள். ஆர்டிஸுக்கு மறக்க வழியில்லை. குடலில் காயம்பட்ட மிருகம் எத்தனை மணி நேரத்தில், எப்படிச் சாகும் என்பது அவளுக்குத் தொழில்முறையில் தெரியும்.

இனி வேட்டையை விட வேண்டும், இல்லையென்றால் தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்கிற துப்பாக்கி வேண்டும். இடது தோளில் வைத்துச் சுடலாம் என்றால் இடது கண் சின்ன வயதிலிருந்தே மங்கல். ஆக, தானியங்கித் துப்பாக்கி. விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு தோட்டா. அடுத்தது தானே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

1986 மார்ச் மாதம் அவள் டாரலின் கடைக்குப் போனாள். ஊரில் துப்பாக்கி, தூண்டில், உப்புக்கண்டம் எல்லாம் விற்கிற ஒரே கடை அது. டாரல் வியட்நாம் சண்டைக்குப் போய் வந்தவன், நாற்பது வயது, நெஞ்சுவரை தாடி. கதவைத் திறந்து உள்ளே வருகிறவரின் முகத்தைப் பார்த்தே அவருக்கு எந்தத் துப்பாக்கி என்று முடிவு கட்டிவிடுவான். ஆர்டிஸ் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மேஜைமேல் ஒன்று வந்து உட்கார்ந்துவிட்டது. வால்நட் மரத்தில் பிடிக்கட்டை, கண்ணாடி போல மெருகு, உலோகத்தில் மான் கொம்பு செதுக்கல்.

"உங்களுக்குன்னே செஞ்சது டாக்டர். பியானோ மாதிரி இருக்கு பாருங்க."

"எனக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது. இதோட வயித்தைத் திறந்து காட்டு."

டாரல் தாடியைத் தடவினான். இதைத் திறக்க வேண்டிய அவசியமே வராது, மேலோட்டமாகத் துடைத்தால் போதும், அப்படி ஏதாவது என்றால் ரிப்பேர்க்காரனுக்கு அனுப்பிக்கொள்ளலாம் என்று சொல்லிப் பார்த்தான்.

"மாட்டைப் பத்தியும் இதையேதான் சொல்றாங்க" என்றாள் ஆர்டிஸ்.

அவள் கண் அவன் தலைக்கு மேலே சுவரில் போயிற்று. அங்கே ஒரு நீளமான துப்பாக்கி தொங்கியது. மரக்கட்டைதான், ஆனால் மெருகு இல்லை. அடியில் ஒரு இரும்புப் பெட்டி துருத்திக்கொண்டிருந்தது. ராணுவத்துக்காரர்கள் தூக்கிக்கொண்டு நடந்த ஜாதி; இது கடைகளில் விற்கும் வகை, ஒரு அழுத்துக்கு ஒரு தோட்டாதான். அது என்ன என்று கேட்டாள். அது விற்பனைக்கு இல்லை என்றான் டாரல். அதைக் கேட்கவில்லையே என்றாள் அவள்.

"அது சண்டைக்குன்னு பொறந்தது டாக்டர். எல்க்குக்கு இல்ல."

"சண்டைக்கும் எல்க்குக்கும் துப்பாக்கியில என்ன வித்தியாசம்? நிஜமாத்தான் கேக்குறேன்."

கடை நாய் வந்து ஆர்டிஸின் பூட்ஸை மோந்துவிட்டுப் போயிற்று.

"சண்டைத் துப்பாக்கிக்கு ஒரே கவலைதான். சேத்துல விழுந்தாலும் நின்னு போகக் கூடாது. வேட்டைத் துப்பாக்கிக்கும் ஒரே கவலைதான். சுவத்துல மாட்டினா அழகா இருக்கணும்." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். பிறகு, இந்த வால்நட்டை ஒரு வாரம் கொண்டுபோய்ச் சுட்டுப் பாருங்கள் என்றான். ஊர்க்காரர்களுக்கு அவன் அப்படிக் கொடுப்பதுண்டு.

சேதி எமிலுக்கு எப்படியோ போய்விட்டது. மறுநாள் அவரே ஆர்டிஸின் மருத்துவமனைக்கு வந்தார், ஒரு பழைய போர்வையில் எதையோ சுற்றிக்கொண்டு. எமிலுக்கு ஐம்பத்தாறு வயது. கொரியச் சண்டைக்குப் போய்க் கால் விரல் இரண்டைப் பனிக்குக் கொடுத்துவிட்டு வந்தவர். போர்வைக்குள் இருந்தது அவர் அங்கே தூக்கிய அதே ரகத் துப்பாக்கி; ராணுவம் பழசை விற்றபோது வாங்கியது. எட்டுத் தோட்டாவை ஒரு தகரக் கவ்வியில் கோத்து மேலிருந்து உள்ளே அமுக்க வேண்டும்.

"டாரல் பியானோ குடுத்தானாமே?" என்றார்.

"ஆமா. திறக்க மாட்டேங்குது."

எமில் துப்பாக்கியை அறுவை மேஜைமேல் வைத்தார். விசைக்கு அடியில் இருந்த வளையத்தைப் பிடித்து இழுத்தார். ஒரு சொடுக்குச் சத்தம். விசைப் பகுதி முழுசும் கையோடு வந்துவிட்டது. கட்டையைத் தூக்கினார், அதுவும் வந்துவிட்டது. ஸ்க்ரூடிரைவர் இல்லை, சுத்தியல் இல்லை. ஒரு நிமிஷத்துக்குள் துப்பாக்கி, தோலுரித்த முயல் போலக் கிடந்தது.

ஆர்டிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். அடுத்த ஒரு மணி நேரம் வெளியே இரண்டு பூனைகளும் ஒரு ஆட்டுக்குட்டியும் காத்துக்கொண்டிருந்தன. குழலின் நுனியருகில் ஒரு பொடி ஓட்டை. தோட்டா அதைத் தாண்டிப் போகும்போது பின்னால் துரத்தி வருகிற வெடிக்காற்றில் ஒரு துளி அந்த ஓட்டை வழியாக இறங்கி, நீண்ட ஒரு தண்டைப் பின்னால் தள்ளுகிறது. தண்டு, தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பிடிக்கிற போல்ட்டைத் திருப்பித் திறக்கிறது. வெற்றுக் கூடு வெளியே பறக்கிறது. ஸ்பிரிங் எல்லாவற்றையும் முன்னால் தள்ளும்போது புதுத் தோட்டா ஏறிவிடுகிறது. தன் கை செய்ய முடியாத அதே திருப்பலை, வீணாகப் போகிற காற்று செய்துவிடுகிறது. அவள் தண்டை முன்னும் பின்னும் இழுத்து, அது போல்ட்டைத் திருப்புகிற இடத்தைப் பத்து தடவையாவது பார்த்திருப்பாள்.

"சாப்பிட்டதுல மிஞ்சின காத்தை வச்சே அடுத்த வாய்க்குத் தயாராகுது" என்றாள்.

"எனக்குக் கத்துக்குடுத்த சார்ஜென்ட் இவ்வளவு அழகாச் சொல்லல. சொன்னதை இங்க சொல்லவும் முடியாது."

பிறகு அவளே கழற்றிப் பார்த்தாள். வளையத்தை இடது கை இழுத்தது. வலது கை பிடித்துக்கொண்டால் போதும். மணிக்கட்டு எங்கேயும் திரும்ப வேண்டியிருக்கவில்லை. தண்டைப் பின்னால் இழுப்பதும் நேர்க்கோட்டு வேலைதான்.

ஆனால் ஆர்டிஸ் சுலபத்தில் முடிவுக்கு வருகிறவள் இல்லை. நவம்பர் மலையில் வெப்பமானியின் பாதரசம் எவ்வளவு கீழே போய் உட்காரும் என்று அவளுக்குத் தெரியும். மருத்துவமனையில் செத்த கன்றுகளையும் மாதிரிகளையும் வைக்கிற பெரிய உறைபெட்டி ஒன்று இருந்தது. தோட்டா எதுவும் இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, இரண்டு துப்பாக்கிகளையும் அதில் நீட்டிப் படுக்க வைத்தாள். மறுநாள் காலை உதவியாளர் பெண் பெட்டியைத் திறந்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் மூடிவிட்டுப் போனாள். அந்தப் பெட்டியில் அதைவிட விசித்திரமானவற்றை அவள் பார்த்திருந்தாள்.

ஊருக்கு வெளியே, சாலைக்காகச் சரளை தோண்டிய குழியில்தான் எல்லோரும் சுட்டுப் பழகுவார்கள். உறைந்த துப்பாக்கிகளை அவள் நேராக அங்கே கொண்டுபோனாள், எமிலும் கூட வந்தார். வால்நட் முதல் தோட்டாவை அருமையாகச் சுட்டது. அடுத்த அழுத்துக்கு வெறும் சொடுக்குச் சத்தம். போல்ட் பாதி வழியில் சோம்பேறி மாதிரி நின்றுவிட்டது. எமிலின் துப்பாக்கி எட்டையும் சுட்டு, தகரக் கவ்வியை 'டிங்' என்று வானத்தில் துப்பிவிட்டுத்தான் ஓய்ந்தது.

எமில் வால்நட்டின் உள்ளே விரலை விட்டு எடுத்துக் காட்டினார். எண்ணெய் தேன் போலக் கெட்டியாக ஒட்டிக்கொண்டு வந்தது. இதில் துப்பாக்கியைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, எண்ணெயை வழித்தெடுத்தால் ஓடும் என்றார். கொரியாவில் தாங்கள் எல்லாவற்றையும் உலரத் துடைத்துவிட்டு வெறும் துப்பாக்கியோடுதான் திரிந்ததாகச் சொன்னார். ஒருத்தன் மட்டும் தலைக்குத் தேய்க்கிற க்ரீமைத் தடவினானாம். அது உறையவில்லை. பதுங்குகுழி முழுக்க முடிதிருத்தகம் மாதிரி மணந்ததாம்.

"வழிச்செடுக்கணும்னா திறக்கணும். திறக்க வரல" என்றாள் ஆர்டிஸ். வால்நட்டின் கதை அத்தோடு முடிந்தது.

எமிலின் துப்பாக்கியையே எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. அவரும் தருவதாகத்தான் இருந்தார். கடையில் விற்கிற கனமான எல்க் தோட்டாவை மட்டும் இதற்குப் போடக் கூடாது, அந்த வெடிமருந்துக்கு இந்தத் தண்டு வளைந்துவிடும் என்று எச்சரித்தார். ஆனால் அந்த வாரம் ஆர்டிஸ் வேறொன்றைக் கண்டுபிடித்தாள். அதை அவள் தேடிப் போகவில்லை. பழக்கதோஷத்தால் எல்லாவற்றையும் நோட்டில் குறித்து வைத்ததில் மாட்டியது.

பழைய போல்ட் துப்பாக்கியால் பத்து முறை சுட்டதில், ஒவ்வொரு முறையும் முதலில் போன தோட்டா காகிதத்தில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்திருந்தது. எமிலின் துப்பாக்கியில் முதல் தோட்டாக்கள் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பரவியிருந்தன. துப்பாக்கி பழசு, அதனால்தான் என்று நினைத்தாள். எமில் அதையே வாங்கி, கட்டையில் சாய்த்து, நிதானமாக மூன்று சுட்டார். மூன்றும் ஒரு முட்டையின் கீழ் மறைந்துவிடும்.

கோளாறு தன்னிடம் என்றால் அது எங்கே என்று அவள் தெரிந்துகொள்ள வேண்டும். எமிலை ஒரு உதவி கேட்டாள். அவள் திரும்பி நின்றுகொள்வாள். சில முறை அவர் ஒற்றைத் தோட்டாதான் என்று சொல்லி அதை மட்டும் போட வேண்டும். சில முறை எட்டும் என்று சொல்லிக் கவ்வியை முழுசாக அமுக்க வேண்டும். சில முறை என்ன போட்டிருக்கிறது என்று வாயே திறக்கக் கூடாது. மருந்தைச் சோதிக்க மாடுகளுக்கு அப்படித்தான் செய்வார்கள்; எதற்கு எது கொடுத்தோம் என்று தெரிந்தால் கண் ஏமாற்றிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க இது நடந்தது. எமில் தகர டப்பாவில் கொண்டுவந்த பன்றிக்கறி சாண்ட்விச்சைத் தின்றுகொண்டே போட்டுக் கொடுத்தார். சாயங்காலம் காகிதங்களை வண்டியின் முன்பக்கத்தில் பரப்பினாள். ஒற்றைத் தோட்டாதான் என்று தெரிந்த முறை எல்லாம் உள்ளங்கைக்குள். எட்டும் இருக்கிறது என்று தெரிந்த முறை எல்லாம் சாப்பாட்டுத் தட்டு. தெரியாத முறை எல்லாம் இரண்டுக்கும் நடுவில்.

"அடுத்தது இருக்குன்னு தெரிஞ்சா நான் முதலாவதை ஒழுங்கா சுடறதில்ல எமில். எனக்கே தெரியாம."

எமில் காகிதங்களை வெகுநேரம் பார்த்தார். "எட்டு இருந்தா எட்டும் போயிடும்" என்றார். "எங்களுக்கு அது போதுமானதா இருந்துச்சு. அங்க யாரும் காகிதத்தை எடுத்து அளக்கல."

அவளுக்கு இப்போது கேள்வி முற்றிலும் மாறிவிட்டது. எந்தத் துப்பாக்கி என்று தொடங்கியது, எத்தனை தோட்டா என்று வந்து நின்றது. ஒன்று மட்டும் போட்டால் பழைய கதைதான். எட்டு என்றால் கை கெட்டுப்போகிறது. இரண்டு போட்டு, ஒன்றுதான் என்று மனதைப் பழக்க வேண்டும். ஆனால் எமிலின் துப்பாக்கிக்கு அந்தக் கவ்வி நிறைந்திருந்தால்தான் சௌகரியம். இரண்டை மட்டும் கோத்தால் சரியாக உட்காராமல் அடம்பிடித்தது. திறக்க வருகிற வயிறும் வேண்டும், இரண்டை மட்டும் போடத் தோதான பெட்டியும் வேண்டும். அவளுக்கு டாரலின் சுவர் ஞாபகம் வந்தது.

வால்நட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள். டாரல் முடியாது என்றான். அவளும் விடவில்லை. எமில் அடுப்பருகே உட்கார்ந்து காபி குடித்தபடி இருவரையும் வேடிக்கை பார்த்தார். கடைசியில் டாரல் ஏணி போட்டு ஏறி அதை இறக்கினான். மேலே தூசி படிந்திருந்தது.

"இதை எத்தனை தடவை சுட்டிருக்க?"

"ஒரு தடவைகூட இல்ல."

"அப்புறம் எதுக்கு வாங்கின?"

டாரல் துணியை எடுத்துத் தூசியைத் துடைக்க ஆரம்பித்தான். முதல் ஏழு மாதம் இதே ரகத்தைத்தான் தூக்கிக்கொண்டு நடந்ததாகச் சொன்னான். நடுவில் ஒருநாள் எல்லோரிடமிருந்தும் வாங்கிக்கொண்டு இலேசானது ஒன்றைக் கொடுத்தார்களாம். இது கனம், வெயிலில் தோளை அறுக்கும், எல்லோரும் திட்டிக்கொண்டேதான் தூக்கினார்கள். ஆனாலும் பிடுங்கிக்கொண்டபோது ஏதோ போலிருந்தது. ஊருக்கு வந்து கடை வைத்த வருஷம், விற்பனைக்கு என்று வந்த ஒன்றைப் பார்த்தான், தன் பேரிலேயே எழுதிக்கொண்டான். அவ்வளவுதான்.

ஆர்டிஸ் கேட்க இன்னும் பத்துக் கேள்வி வைத்திருந்தாள். எமில் காபிக் கோப்பைக்கு மேலாக அவளைப் பார்த்து வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தார்.

டாரல் துப்பாக்கியைக் கண்ணாடி மேஜைமேல் வைத்து, வளையத்தை இழுத்தான். எமிலுடையதைப் போலவே விசைப் பகுதி கையோடு வந்தது. உள்ளே அதே தண்டு, அதே போல்ட். எமிலுடையதன் குட்டி என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம், கொஞ்சம் நவீனமாக வளர்ந்த குட்டி. அடியில் பெட்டி. அதில் எத்தனை வேண்டுமோ அத்தனை போடலாம்.

"எடுத்துட்டுப் போங்க டாக்டர்" என்றான் டாரல். "இங்க தொங்கி என்ன பண்ணப் போகுது. ஆனா என்னைக் கூப்பிடாதீங்க, நான் குழிக்கு வரல."

வசந்தமும் கோடையும் ஆர்டிஸ் வாரத்துக்கு ஒருநாள் குழிக்குப் போனாள். கனம் ஒன்பது பவுண்டுக்கு மேல். தோளை அறுக்கும் என்று டாரல் சொன்னது சரிதான். ஆனால் அந்தக் கனமே உதையை வாங்கிக்கொண்டது. தகடு வைத்த கைக்கு அது பெரிய ஆறுதல். பெட்டியில் இரண்டு தோட்டா போடுவாள். 'ஒண்ணுதான் இருக்கு' என்று உதட்டை அசைத்துச் சொல்லிவிட்டுச் சுடுவாள். முதலில் மனசு நம்பவில்லை. ஆகஸ்டில் பாதி நம்பியது. அக்டோபரில் காகிதம் மறுபடி உள்ளங்கைக்கு வந்தது. மீன்பிடிக்கப் போகிற டாரலின் வண்டி குழிக்கு மேலே சாலையில் இரண்டு மூன்று தடவை நின்றதை அவள் பார்த்தாள், அவன் இறங்கவில்லை.

எல்க் பருவம் தொடங்கிய இரண்டாவது சனிக்கிழமை, விடிந்து ஒரு மணி நேரத்தில் அவளும் எமிலும் வடக்குப் பள்ளத்தாக்கின் மேல் விளிம்பில் இருந்தார்கள். எமிலின் கோவேறு கழுதையைக் கீழே மரத்தில் கட்டியிருந்தார்கள். நல்ல குளிர். மூக்குக்குள் முடி உறைகிற குளிர். எதிர்ச் சரிவில் பைன் மரங்களுக்கு நடுவிலிருந்து நாலு பெட்டைகள் வெளியே வந்தன. அவற்றின் பின்னால், அவசரமே இல்லாமல், ஒரு கிடா.

நூற்று அறுபது கஜம் இருக்கும். ஆர்டிஸ் விழுந்து கிடந்த ஒரு மரத்தின்மேல் முதுகுப்பையை வைத்து, அதன்மேல் துப்பாக்கியைச் சாய்த்தாள். கிடா பக்கவாட்டில் வரும்வரை காத்திருந்தாள். முன்காலுக்குப் பின்னால், நெஞ்சின் கீழ்ப்பாதி. ஒண்ணுதான் இருக்கு என்றாள். மூச்சைப் பாதி விட்டாள்.

சத்தம் பள்ளத்தாக்கில் உருண்டு போயிற்று. பெட்டைகள் சிதறி ஓடின. கிடா ஓடவில்லை. விழவும் இல்லை. தலையை உயர்த்திக்கொண்டு அப்படியே நின்றது, யாரோ தன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது போல.

இரண்டாவது தோட்டா எப்போதோ உள்ளே போய் உட்கார்ந்திருந்தது. அவள் எதுவும் செய்திருக்கவில்லை. கண்ணுக்கு எதிரே கிடா நின்றது. முதலாவது சரியாகத்தான் போயிற்று என்று கை சொன்னது. சரியாகப் போயிருந்தால் ஏன் நிற்கிறது என்று கண் கேட்டது. அந்த ஒரு மூச்சு நேரத்தில் அவள் உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினாள். பொறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பொறுத்துப் பார்க்க அவளால் முடியவில்லை. சுட்டாள். கிடா முட்டி மடிந்து பனியில் சரிந்தது.

சரிவில் இறங்கி ஏறி அவர்கள் அங்கே போய்ச் சேர இருபது நிமிஷம் ஆயிற்று. எமில் கிடாவின் கண்ணைக் கிளையால் தொட்டுப் பார்த்தார். அசைவில்லை. ஆர்டிஸ் கோட்டைக் கழற்றி, கை மடித்து, கத்தியை எடுத்தாள். ஆவி குபுகுபுவென்று எழுந்தது. முழங்கைவரை உள்ளே விட்டு, தான் தேடியதை இரண்டு கையாலும் வெளியே எடுத்துப் பனிமேல் வைத்தாள். இதயத்தின் மேல்பகுதியில் அவள் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை.

"இது முதல்ல சுட்டது" என்றாள். "கோணத்தைப் பாருங்க. ரெண்டாவது தோள்பட்டையில போயிருக்கு, எலும்பை நொறுக்கிட்டு. அந்தக் கறி பாதி வீண்."

"அப்போ முதலாவதே போதும்."

"முதலாவதுலயே செத்தாச்சு. அதுக்குத்தான் இன்னும் தெரியல. ரத்தம் தலைக்குப் போறது நிக்குறதுக்குப் பத்து நொடி, பதினஞ்சு நொடி ஆகும். அதுவரைக்கும் நின்னுட்டிருந்திருக்கு. நான் பொறுத்திருந்தா தானா விழுந்திருக்கும்."

அவள் குரலில் வருத்தத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. ஓட்டைக்குள் விரலை விட்டு மறுபக்கம் எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். எமில் இதயத்தைப் பார்க்கவில்லை, கிடா நின்றிருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பனியில் நாலு குளம்புகளின் தடம் அசையாமல், ஆழமாகப் பதிந்திருந்தது.

"கொரியாவுல ஒருத்தன் இப்படித்தான் நின்னான்" என்றார். "ஓடையோட அந்தப் பக்கம். நான் சுட்டேன். விழல. அப்படியே என்னைப் பாத்துட்டு நின்னான். நாலு தடவை சுட்டேன் ஆர்டிஸ். அப்புறம் எங்களைப் பின்னால போகச் சொல்லிட்டாங்க. போய்ப் பாக்க முடியல."

காற்று மரங்களில் இருந்த பனியைக் கொஞ்சம் உதிர்த்தது.

"அவனும் முதலாவதுலயே முடிஞ்சவனா, இல்ல நாலாவதுலதானா, இல்ல எழுந்து போயிட்டானான்னு முப்பத்தாறு வருஷமா யோசிக்கிறேன். உனக்காவது திறந்து பாக்கக் கிடைச்சுது."

ஆர்டிஸின் கை இன்னும் சூடான ரத்தத்தோடு இருந்தது. பதினைந்து நொடி கணக்கை மறுபடி சொல்லலாமா, மனிதனுக்கும் அதேதான் என்று சொல்லலாமா என்று யோசித்தாள். அது ஆறுதலாக இருக்குமா, வேறு எதுவாகவாவது ஆகிவிடுமா என்று தெரியவில்லை. பனியை அள்ளிக் கையைத் தேய்த்துக் கழுவினாள். எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து எமில் தன் கத்தியை எடுத்து, பின்னங்காலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

துண்டு போட்டு, துணிப்பையில் கட்டி, கழுதையில் ஏற்றி இரண்டு நடையாக இறக்கினார்கள். கொம்பை ஆர்டிஸ் தானே சுமந்தாள். கீழே வருவதற்குள் மதியம் தாண்டிவிட்டது. திரும்பும் வழியில் டாரல் கடை வாசலில் நின்றிருந்தான். வண்டியின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்து, எத்தனை தோட்டா என்று கேட்டான். இரண்டு என்றாள் ஆர்டிஸ். துப்பாக்கி நின்று போயிற்றா என்று கேட்டான். இல்லை என்றாள். அவன் தாடிக்குள் சிரித்துக்கொண்டே, உள்ளே போய் ஒரு பெட்டித் தோட்டாவைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தான். குழிக்கு எப்போது போவார்கள் என்று, வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டான். அடுத்த ஞாயிறு என்றாள். பார்க்கலாம் என்றான்.

நொறுங்கிய தோள்பட்டையை எமிலின் மனைவி தோரா கேட்டு வாங்கிக்கொண்டாள். மிளகும் பன்றிக் கொழுப்பும் சேர்த்து அரைத்து சாசேஜ் செய்வதாகச் சொன்னாள். மறுநாள் சாயங்காலம் ஆர்டிஸ் அங்கே போனபோது சமையலறை மேஜைமேல் ஒரு கிண்ணம் நிறையப் பொடி எலும்புகள் இருந்தன. தோரா மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, விளக்கடியில் கறியைப் பிசைந்து பிசைந்து எலும்பைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஆர்டிஸும் உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தாள். எமில் ஒரு மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணு சுடாம இருந்திருந்தா எனக்கு இந்த வேலை இல்ல" என்றாள் தோரா. "அடுத்த வருஷம் ஒண்ணோட நிறுத்திக்குவியா?"

ஆர்டிஸ் ஒரு எலும்புச் சில்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எந்த எலும்பின் எந்த ஓரம் என்று அவளுக்குத் தெரிந்தது.

"தெரியல தோரா" என்றாள். "முதலாவது பட்டும் அது நின்னுச்சுன்னா என்ன பண்ணுவேன்னு எனக்கே பாக்கணும்."